பழம் வேறு, சாரம் வேறு, மருந்து வேறு

ஆனி, ஆடி மாதங்களில் மாங்குளம், புளியங்குளம் பக்கமாக ஏ9 வீதியால் போகிறவர்கள், காட்டோரத்தில் பேணியால் அளந்து விற்கும் பாலைப்பழத்தைக் கண்டால் வாகனத்தை நிறுத்தாமல் போவது குறைவு. சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் பழம், பத்துத் தின்பதற்குள் அதன் பால் உதட்டில் ஒட்டிப் பிசுபிசுக்கும். பாலை, வீரை, முரலி, நாவல், விளா என்று காடு தரும் பழங்களைத் தின்று வளர்ந்தவர்களுக்குப் பழத்தின் மேல் ஐயம் வருவதில்லை, வரவும் தேவையில்லை.

அண்மைக் காலத்தில் பழங்கள் வேறு உருவத்தில் வீட்டுக்குள் வருகின்றன. நாவல், நெல்லி, மாதுளை என்று பெயர் எழுதிய போத்தல்களிலும் கப்சூல் டப்பாக்களிலும் 'இதயத்தைப் பாதுகாக்கும் என ஆய்வில் கண்டறியப்பட்டது' என்ற வரி இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் இருக்கும் என் மாமி, குருதியமுக்கத்துக்கும் கொலஸ்ரோலுக்கும் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளை நிறுத்திவிட்டு, மூன்று மாதமாக அப்படியொரு போத்தலைக் காலையும் மாலையும் குடித்து வந்தார். அடுத்த முறை கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட குருதியமுக்கம் 190ஐத் தாண்டியிருந்தது. "பழந்தானே தம்பி, பழத்தால என்ன வரப்போகுது?" என்று அவர் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. ஏனென்றால் போத்தலில் இருந்த வரி முழுப் பொய்யும் அல்ல. அந்த ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 'பாதுகாக்கும்' என்ற சொல்லுக்கு ஆய்வுகூடத்தில் ஒரு பொருளும் நம் வீட்டு விறாந்தையில் வேறொரு பொருளும் இருப்பதுதான் சிக்கல். இக்கட்டுரை அந்த இரண்டு பொருளையும் பிரித்துக் காட்டுவதற்காக எழுதப்படுகிறது.

இதயத்துக்கு நேர்வது என்ன?

இதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,00,000 தடவை துடிக்கிறது. உடம்பு முழுவதற்கும் குருதியை அனுப்பும் அந்தத் தசை, தன் அறைகளுக்குள் நிறைந்திருக்கும் குருதியிலிருந்து தன் தேவையை எடுத்துக்கொள்வதில்லை. குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தாலும், துருசு திறந்து வாய்க்கால் வழியாக வந்தால்தானே வயலுக்குப் பாயும்? அதுபோல இதயத் தசைக்கென்று தனியான வாய்க்கால்கள் உண்டு. இதயத்தின் வெளிப்புறத்தைச் சுற்றிப் படர்ந்திருக்கும் அந்தக் குழாய்களுக்கு முடியுரு நாடிகள் என்று பெயர்.

இந்த நாடிகள் அடைபடுவதைக் குழாய்க்குள் அழுக்குப் படிவது போலப் பலர் நினைத்திருக்கிறார்கள். அந்த எண்ணம் இருக்கும் வரை, 'ஏதாவது குடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும்' என்ற நம்பிக்கையும் இருக்கும். உண்மையில் கொழுப்புச் சேர்வது குழாயின் உள்வெளியில் அல்ல, அதன் சுவருக்குள். குளக்கட்டின் மேலே புல் பசுமையாக இருக்க, உள்ளே கறையான் புற்று வளர்வதை நினைத்துப் பாருங்கள். கொலஸ்ரோலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் எனப்படும் நுண்துகள்கள் நாடிச் சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அங்கே அவை இரசாயன மாற்றம் அடைகின்றன. அவற்றை அகற்ற வரும் வெண்குழியங்கள் அளவுக்கு மிஞ்சி விழுங்கி, கொழுப்பு நிறைந்த பொதிகளாகிச் சுவருக்குள்ளேயே மடிகின்றன. இப்படி ஆண்டுக்கணக்கில் வளரும் வீக்கத்தைக் கொழுப்புப் படிவு என்போம்.

மாரடைப்பு பெரும்பாலும் அந்தப் படிவின் மேல்தோல் வெடிக்கும் கணத்தில் நேர்கிறது. வெடித்த இடத்தைக் காயம் என்று கருதி உடம்பு குருதியை உறையச் செய்கிறது. உறைந்த கட்டி வாய்க்காலை அடைக்கிறது. அதற்கு அப்பாலுள்ள இதயத் தசை ஒட்சிசன் இல்லாமல் சாகத் தொடங்குகிறது.

ஆகவே இதயத்தைப் 'பாதுகாப்பது' என்று சொல்லும்போது, படிவு வளராமல் தடுப்பதா, வளர்ந்த படிவு வெடிக்காமல் பார்ப்பதா, குருதி உறைவதைக் குறைப்பதா, அடைப்பு வந்த பின் தசையைக் காப்பதா என்ற கேள்வி எழுகிறது. நான்கும் நான்கு வேலைகள்.

சாரம் என்றால் என்ன?

பழத்திலுள்ள ஒரு பகுதிப் பொருள்களை ஒரு திரவத்தில் கரைத்து இறக்கி, சக்கையை நீக்கிப் பெறுவதே சாரம். நாம் தினமும் செய்கிற வேலைதான் இது. தேயிலையில் கொதிநீர் ஊற்றினால் இறங்கும் சாயம் ஒரு சாரம். தேங்காய்ப்பூவைப் பிழிந்தால் முதற்பால் தடிப்பாகவும் அடுத்த பால் தண்ணீராகவும் வருவது போல, எந்தத் திரவத்தால், எத்தனையாம் முறை, எவ்வளவு சூட்டில் எடுத்தோம் என்பதைப் பொறுத்துச் சாரம் மாறும். தண்ணீரில் இறங்குகிற பொருள் ஒன்று, மதுசாரத்தில் இறங்குகிற பொருள் வேறு. ஆய்வுகளில் அதிகம் பயன்படுவது மதுசாரம் கலந்த நீரும் மெதனோலும். அதன்பின் திரவத்தை ஆவியாக்கிப் பொடியாக்குகிறார்கள்.

பனாட்டுச் செய்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாக விளங்கும். ஒரே வளவில் நிற்கும் இரண்டு பனைகளின் களி ஒன்றாக இருப்பதில்லை. ஒன்று காறும், ஒன்று இனிக்கும். பழத்தின் இனம், மண், மழை, பறித்த பருவம் எல்லாம் சாரத்தில் இறங்கும். அதனால்தான் மருந்து செய்பவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் வேலை செய்யும் பொருள் ஒரே அளவில் இருக்கிறதா என்று அளந்து சரிசெய்கிறார்கள். இதற்கு நியமப்படுத்தல் என்று பெயர். நான் புரட்டிப் பார்த்த போத்தல்களில் 'நெல்லி 100 சதவீதம் இயற்கை' என்று இருந்ததே தவிர, எந்தப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று ஒன்றிலும் இல்லை.

வெள்ளைச் சட்டையில் நாவல் கறை

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கும் சட்டையும் ஊதாவாகி நிற்கும். அந்தச் சட்டையைச் சவர்க்காரத்தில் தோய்த்தால் கறை நீலம் பாயும்; தேசிக்காய்ப் புளி பட்டால் சிவக்கும். இந்த நிறத்துக்குக் காரணமான பொருள்களுக்கு அந்தோசயனின் என்று பெயர். அந்தோசயனினும், நெல்லியைத் துவர்க்கச் செய்யும் பொருள்களும், தேயிலையின் துவர்ப்பும் பொலிபீனோல் என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. பழச்சாரங்களைப் பற்றிய இதய ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சுற்றியே நடக்கின்றன.

இவற்றின் மேல் நம்பிக்கை ஏற்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. மழையில் விட்ட மண்வெட்டி துருப்பிடிப்பதும், வெட்டி வைத்த கத்தரிக்காய் கறுப்பதும் ஒட்சியேற்றம், அதாவது ஒட்சிசன் சம்பந்தப்பட்ட இரசாயன மாற்றம். நாடிச் சுவருக்குள் தங்கிய எல்டிஎல் அடையும் மாற்றமும் ஏறத்தாழ அதே வகை. வெட்டிய கத்தரிக்காயில் தேசிக்காய்ப் புளி பூசினால் கறுப்பது தாமதப்படுகிறது. அப்படித் தாமதப்படுத்தும் பொருள்களை ஒட்சியேற்ற எதிரிகள் என்கிறோம். பொலிபீனோல்கள் சோதனைக் குழாயில் மிக நல்ல ஒட்சியேற்ற எதிரிகள். அப்படியானால் அவற்றைக் குடித்தால் நாடியும் கறுக்காமல் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு.

அந்த எண்ணத்தை நேரடியாகச் சோதித்தும் பார்த்தார்கள். விற்றமின் ஈ பேர்போன ஒட்சியேற்ற எதிரி. இதய நோய் ஆபத்துள்ள 9,000க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஒரு பாதிப் பேருக்கு விற்றமின் ஈயும் மறுபாதிக்கு வெறும் குளிசையும் கொடுத்து நாலரை ஆண்டுகள் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாரடைப்பிலோ இதய நோய் மரணத்திலோ இரு பக்கத்துக்கும் வேறுபாடு காணப்படவில்லை. சோதனைக் குழாயில் வென்றது உடம்பில் வெல்லவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பகுதி விடை குடலில் இருக்கிறது. தின்ற அந்தோசயனினில் மாறாமல் குருதிக்குள் போவது மிகச் சிறிய பங்கு. மீதியைக் குடலில் வாழும் நுண்ணங்கிகள் உடைத்து வேறு பொருள்களாக்குகின்றன. உள்ளே போனதையும் ஈரல் மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. ஆய்வுகூடத்தில் குழியங்களின் மேல் ஊற்றும் செறிவு மனிதக் குருதியில் கிட்டுவது அரிது. அதனால் பொலிபீனோல்களால் பயனே இல்லை என்றாகிவிடாது. நாடியின் உட்தோல் சுரக்கும் நைத்திரிக் ஒட்சைட்டைக் கூட்டி நாடியைத் தளர்த்துவது போன்ற வேறு வழிகளில் அவை வேலை செய்யலாம் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் முதன்மையான கருத்து. ஆனால் 'துருவைத் தடுக்கும், ஆகவே இதயத்தைக் காக்கும்' என்ற எளிய கணக்கு பிழைத்துவிட்டது.

எலியின் இதயம் எப்படிக் காக்கப்படுகிறது?

போத்தலில் எழுதியிருக்கும் 'ஆய்வு' பெரும்பாலும் இதுதான் என்பதால், இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்போம்.

ஆரோக்கியமான இளம் எலிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு, மூன்று அல்லது நான்கு வாரம் பழச்சாரம் ஊட்டப்படும். பிறகு இரண்டு குழுவுக்கும் ஐசோபுரோட்டெரினோல் என்ற மருந்து, வழமையாக அடுத்தடுத்து இரண்டு நாள், பெரிய அளவில் ஏற்றப்படும். அது அட்ரினலீனைப் போன்றது. மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாட்டை விடாமல் அடித்து ஓட்டினால் அது விழுவது போல, ஒட்சிசன் போதாத வேகத்தில் ஓட்டப்பட்ட எலியின் இதயத்தில் தசைக் குழியங்கள் சாகின்றன. செத்த குழியங்களிலிருந்து துரொப்போனின் என்ற புரதம் குருதியில் கசியும். நெஞ்சுநோவோடு வைத்தியசாலைக்குப் போனால் நம் குருதியில் தேடுவதும் இதைத்தான். சாரம் குடித்த எலிகளில் துரொப்போனின் குறைவாகக் கசிந்திருந்தால், 'இந்தச் சாரம் இதயத்தைப் பாதுகாக்கும் ஆற்றல் உடையது' என்று கட்டுரை எழுதப்படும்.

இந்த ஆய்வில் பொய் இல்லை. விஞ்ஞானம் இப்படித்தான் முதற்படி ஏறும். ஆனால் அந்த எலிக்கு நாடிச் சுவரில் கொழுப்புப் படிவு கிடையாது. வயதில்லை, நீரிழிவு இல்லை, புகைத்ததில்லை. அதன் இதயத்தைப் பாதித்தது ஊசி மருந்து. அதற்கும் மேலாக, சாரம் கொடுக்கப்பட்டது பாதிப்புக்கு முன்னர். மாரிக்கு முன் கிடுகு மாற்றிய கூரை ஒழுகவில்லை என்பது, பத்து ஆண்டாக உக்கிய கூரைக்கு அதே கிடுகு போதும் என்பதற்குச் சான்றாகாது. என் மாமியின் நாடி இரண்டாவது வகைக் கூரை.

அளவும் இருக்கிறது. எலிக்கு, உடல் நிறையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பது இத்தகைய ஆய்வுகளில் சாதாரணமான அளவு. 60 கிலோ மனிதருக்கு நேரடியாகப் பெருக்கினால் 12 கிராம் உலர்ந்த சாரம் வரும். சிறிய விலங்கின் உடம்பு பொருள்களை வேகமாக எரிப்பதால், மருந்தியலாளர்கள் எலியின் அளவை ஏறத்தாழ ஆறால் வகுத்துத்தான் மனிதருக்குக் கணிப்பார்கள். அப்போதும் நாளுக்கு 2 கிராம். ஒரு மேசைக்கரண்டி பாணியில் அது இருக்கிறதா இல்லையா என்பதைப் போத்தல் சொல்லாது.

சுருங்கச் சொன்னால், எலி ஆய்வு 'இந்தப் பொருளை மேலும் ஆராயலாம்' என்பதற்கான அனுமதிச் சீட்டு. சிகிச்சை என்ற முத்திரை அதில் இல்லை.

மனிதரில் எப்படித் தெரிந்துகொள்வது?

கொலஸ்ரோலுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் ஸ்டற்றின் வகைக் குளிசைகளும் இயற்கையிலிருந்து வந்தவைதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ ஏறத்தாழ 6,000 வகைப் பங்கசுகளைச் சோதித்து, 1973இல் அந்த வகையின் முதற்பொருளைக் கண்டெடுத்தார். பிறகு அதே குடும்பத்தைச் சேர்ந்த சிம்வஸ்டற்றினை, இதய நோயுள்ள 4,444 பேரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் குளிசை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. 1994இல் முடிவு வந்தபோது, மருந்து எடுத்தவர்களில் இறப்பு ஆபத்து ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருந்தது. இங்கே எண்ணப்பட்டவை துரொப்போனின் துளிகள் அல்ல, மனித உயிர்கள்.

தாவரச் சாரம் ஒன்றும் இதே வகைச் சோதனைக்கு முன் நிறுத்தப்பட்டிருக்கிறது. கொக்கோப் பழத்தின் விதையிலிருந்து எடுத்து நியமப்படுத்திய சாரத்தை, அமெரிக்காவில் 60 வயது கடந்த ஆண்களும் 65 வயது கடந்த பெண்களுமாக 21,442 பேரில், சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு, பாரிசவாதம் முதலியவற்றை ஒன்றுசேர்த்து எண்ணியபோது சாரம் எடுத்தவர்களில் சிறு குறைவு இருந்தது. ஆனால் தற்செயலாகவும் அப்படி நேர்ந்திருக்கலாம் என்று ஒதுக்கக்கூடிய அளவே அது. இதய, குருதிக்குழாய் நோய்களால் இறந்தவர்களை மட்டும் தனியே எண்ணியபோது 27 சதவீதக் குறைவு தென்பட்டது. நம்பிக்கையைக் கைவிடவும் வேண்டாம், மேளம் அடிக்கவும் வேண்டாம் என்ற நிலையிலேயே ஆய்வாளர்கள் அதை வைத்திருக்கிறார்கள். ஒரு பழச்சாரத்தைப் பற்றி நேர்மையாகப் பேசுவது இப்படித்தான் இருக்கும் என்பதால் இதை விரித்து எழுதினேன். நாவலுக்கும் நெல்லிக்கும் பாலைக்கும் இந்த அளவிலான சோதனை நடந்ததில்லை.

'பழந்தானே' என்ற சொல்

பிலிம்பிக்காயை நீங்கள் அறிவீர்கள். சிறு வெள்ளரிப்பிஞ்சு போல, மரத்தின் தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து, பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. கேரளத்தில் அதன் செறிந்த சாறு கொலஸ்ரோலைக் குறைக்கும் என்ற நம்பிக்கை பரவியிருந்தது. அந்தச் சாற்றைக் குடித்துத் திடீரெனச் சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு இயந்திரத்தால் குருதி சுத்திகரிக்க வேண்டி வந்தது. பிலிம்பியில் ஒட்சாலிக் அமிலம் மிகுதி. கறியில் இரண்டு காய் போடும்போது ஒன்றும் நேராது. பல காய்களைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கும்போது அது சிறுநீரகத்தில் பளிங்காக உறைந்து அடைக்கிறது. சமையலில் இருப்பது உணவின் அளவு. சாரத்தில் இருப்பது மருந்தின் அளவு, சில வேளை நஞ்சின் அளவு.

வவுனியாவிலும் அதை அண்டிய பகுதிகளிலும் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களைத் தொட்டிருக்கிறது என்பதால் இதைக் கூடுதல் கவலையோடு எழுதுகிறேன். சிறுநீரகம் தளர்ந்தவர்களால் பழங்களில் நிறைந்திருக்கும் பொற்றாசியத்தைப் போதிய அளவு வெளியேற்ற முடியாது. குருதியில் பொற்றாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறி நின்றுவிடும். அவர்களுக்கு 'இதயத்துக்கு நல்லது' என்று கொடுக்கும் செறிந்த பழப்பாணி இதயத்தையே நிறுத்தக்கூடும்.

மருந்தோடு மோதும் பழங்களும் உண்டு. 1989இல் கனடாவில் ஒரு குருதியமுக்க மருந்தை ஆராய்ந்தவர்கள், மதுசாரத்தின் சுவையை மறைப்பதற்காக கிரேப்புரூட் சாற்றைக் கலந்து கொடுத்தார்கள். மருந்தின் அளவு குருதியில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறிவிட்டது. குடற்சுவரில் அந்த மருந்தை உடைக்கும் நொதியத்தைச் சாறு முடக்கியிருந்தது. சிம்வஸ்டற்றின் போன்ற குளிசைகளோடும் அதே மோதல் நேர்கிறது. அதே குடும்பத்துப் பம்பளிமாசிலும் அதே வகைப் பொருள்கள் இருக்கின்றன. இயற்கை, செயற்கை என்ற பாகுபாடு ஈரலுக்கும் குடலுக்கும் தெரியாது. வளவு வேலியில் மஞ்சளாகப் பூக்கும் அலரியின் காயும் இயற்கைதான். அதிலுள்ள பொருள் இதயத்துடிப்பைக் குலைக்கும் கொடிய நஞ்சு.

பழத்தைப் பழமாக உண்பது

சாரத்தைப் பற்றி இவ்வளவு தயங்கும் நான் பழத்தைப் பற்றித் தயங்கவில்லை. சீனாவில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரை ஏழு ஆண்டுகள் கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், தினமும் புதிய பழம் உண்டவர்களில் இதய, குருதிக்குழாய் நோய்களால் ஏற்படும் மரணம், பழமே உண்ணாதவர்களைவிட 40 சதவீதம் குறைவாக இருந்தது. அதன் முழுப் பெருமையும் பழத்துக்கே சேராது. பழம் வாங்க வசதியுள்ளவர்களுக்கு மருத்துவ வசதியும் கூடுதலாக இருந்திருக்கும். பழம் தின்கிற இடத்தில் பிஸ்கட் தின்பது குறைந்திருக்கும். இருந்தாலும் நாரும் பொற்றாசியமும் குறைந்த உப்பும் ஒன்றாகக் கிடைக்கும் உணவு வேறு அதிகமில்லை. உலக சுகாதார நிறுவனம் பழமும் மரக்கறியுமாக நாளுக்கு 400 கிராமாவது உண்ணச் சொல்கிறது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் வைத்தியர் சொன்ன அளவை மீறக்கூடாது.

கடையில் வாங்கும் நெல்லிரசத்தைப் பழத்தின் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் நெல்லியைவிடச் சீனி கூட இருக்கும். மற்றொரு பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது: கொய்யாவையும் மாங்காயையும் நெல்லியையும் வெட்டி, கல்லுப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டித் தின்பது. நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புத்தான் உச்ச அளவு என்னும்போது, பழத்தின் பொற்றாசியம் அமுக்கத்தைக் குறைக்கச் செய்யும் வேலையை அந்தப் பிரட்டிய உப்பு அந்தத் தட்டிலேயே குலைத்துவிடுகிறது.

மாமி குளிசைக்குத் திரும்பிவிட்டார். போத்தலை எறிய அவருக்கு மனம் வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு அதையும் பையில் வைத்துக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டச் சொன்னேன். காட்டினார். வைத்தியர் லேபிளை இருபுறமும் திருப்பி வாசித்துவிட்டு, சிறுநீரகத்துக்கு ஒரு குருதிப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். எந்தப் போத்தலைக் குடித்தவரும், குடிக்க நினைப்பவரும் அந்த அளவுக்காவது செய்யலாம்.